ஒன்பதரையா, பத்தரையா? வெளிநாட்டுப் பயணத்தில் காலண்டர் செய்யும் குழப்பம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாருக்கும் பிடித்துப் போகிற வசதிகளில் ஒன்று காலண்டர். பல் டாக்டர், பள்ளிக் கட்டணம், திருமணம், ரயில் என எதை வேண்டுமானாலும் தேதியும் நேரமும் கொடுத்து எழுதி வைத்தால், சரியான சமயத்தில் மணி அடித்து நினைவூட்டும். ஊரிலேயே இருக்கும்வரை இதில் ஒரு சிக்கலும் கிடையாது. விமானம் ஏறி வேறு நாட்டில் இறங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. மகனையோ மகளையோ பார்க்க வெளிநாடு செல்லும் வாசகர்கள் இன்று நிறையப் பேர். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான், நானே இரண்டு முறை ஏமாந்த கதையை இங்கே எழுதுகிறேன். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் ஒருவன் இதில் ஏமாந்தான் என்பது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

2024 செப்டம்பர் கடைசியில் ஆறு மாத வேலைக்காக அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு அனுப்பப்பட்டேன். கிளம்புவதற்கு முதல் நாள் சென்னையில் உட்கார்ந்து, அங்கே போனதும் செய்ய வேண்டியவற்றை எல்லாம் லேப்டாப் காலண்டரில் வரிசையாக எழுதினேன். திங்கட்கிழமை காலை 9:30, முதல் மீட்டிங். அங்கே போய் இறங்கி, வைஃபை கிடைத்து, காலண்டரைத் திறந்தால் அதே மீட்டிங் திங்கட்கிழமை நள்ளிரவு 12:00 மணிக்கு நிற்கிறது. மதியம் 2 மணி என்று எழுதியிருந்த வங்கி வேலை அதிகாலை 4:30க்குப் போய்விட்டது. வைரஸ் ஏதாவது வந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் பயந்தே போனேன்.

வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. காலண்டர் சரியாகத்தான் வேலை செய்தது. நான் சென்னையில் இருந்தபடி "9:30" என்று டைப் செய்தேன் அல்லவா? அதை அது "இந்திய நேரம் 9:30" என்றுதான் எடுத்துக் கொண்டது. வேறு எப்படி எடுத்துக் கொள்ளும்? உள்ளே அதை யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்துடன் பொருத்தி வைத்துக் கொள்கிறது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், காலை 9:30 என்பது பொது நேரத்தில் அதிகாலை 4:00. நியூயார்க், நியூ ஜெர்சி பகுதி அப்போது பொது நேரத்தைவிட 4 மணி நேரம் பின்னே இருந்தது. எனவே அங்கே நள்ளிரவு 12:00. கணக்கில் தவறே இல்லை. எந்த ஊர் நேரம் என்று நான் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

அன்று இதைச் சிரித்துக் கொண்டே திருத்திவிட்டேன். அடுத்து நடந்தது சிரிக்கும்படியாக இல்லை.

அப்பாவின் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்

என் அப்பா திருநெல்வேலியில் இருக்கிறார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சென்னையில் உள்ள டாக்டரை வீடியோ மூலம் பார்ப்பதற்காக 2024 நவம்பர் 9, சனிக்கிழமை, இரவு 8:00 மணிக்கு நேரம் கிடைத்தது. அக்டோபர் முதல் வாரத்திலேயே அப்பா போன் செய்து சொல்லிவிட்டார். நானும் அந்த அழைப்பில் சேர்ந்து கொள்வதாக ஏற்பாடு. அதற்கு ஒரு காரணம் இருந்தது. "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுப்பா. டாக்டர் கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாரு. நீதான் எடுத்துச் சொல்லணும்" என்று அம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

இந்த முறை நான் உஷாராக இருந்தேன், அல்லது அப்படி நினைத்துக் கொண்டேன். இந்தியாவுக்கும் இங்கேக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இரவு 8:00 மணியில் ஒன்பதரையைக் கழித்தால் காலை 10:30. லேப்டாப் இப்போது அமெரிக்க நேரத்தில்தான் இருக்கிறது. எனவே நவம்பர் 9ஆம் தேதிக்கு "காலை 10:30, அப்பா டாக்டர்" என்று எழுதி வைத்தேன்.

அன்று காலை போனை சார்ஜில் போட்டுவிட்டு, கட்டடத்தின் கீழ்த் தளத்தில் துணி துவைக்கும் மெஷின் இருக்கும் அறைக்குப் போனேன். 10:15க்குத் திரும்பி வந்தால் அம்மாவிடமிருந்து மூன்று மிஸ்டு கால். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறதே, அம்மா அவசரப்படுகிறார் என்று நினைத்து, நிதானமாக லேப்டாப்பைத் திறந்து வைத்து, கேமராவைச் சரி செய்து, 10:30க்கு லிங்க்கை கிளிக் செய்தேன். யாரும் இல்லை. வீட்டுக்கு போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார்.

"டாக்டர் எட்டு மணிக்கே வந்துட்டுப் போயிட்டாரே தம்பி. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன். அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிட்டாரு."

திருநெல்வேலியில் அப்போது மணி இரவு 9:00.

நடந்தது இதுதான். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். டேலைட் சேவிங் டைம் என்று பெயர். 2007 முதல் அங்கே நடைமுறையில் உள்ள விதிப்படி மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தள்ளி வைத்து, நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு பழையபடி திருப்பி வைப்பார்கள். 2024இல் அந்த முதல் ஞாயிறு நவம்பர் 3. அன்று முதல் இந்தியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் வித்தியாசம் ஒன்பதரை அல்ல, பத்தரை மணி நேரம். இந்திய இரவு 8:00 அங்கே காலை 9:30 ஆகிவிட்டது. நான் எழுதி வைத்ததோ "நியூயார்க் நேரம் 10:30". காலண்டருக்கு டாக்டரையும் தெரியாது, திருநெல்வேலியையும் தெரியாது. சொன்ன நேரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். நவம்பர் 3ஆம் தேதி காலை எழுந்தபோது போனும் லேப்டாப்பும் தாமாகவே நேரத்தை மாற்றிக் கொண்டிருந்தன. நாம் கையால் கடிகார முள்ளைத் திருப்பியிருந்தால் ஒருவேளை நினைவுக்கு வந்திருக்கும். இந்தியாவில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம் என்பதால் நமக்கு இந்த மாற்றம் பழக்கமே இல்லை.

அடுத்த அப்பாயின்ட்மென்ட் நவம்பர் 30ஆம் தேதிக்குத்தான் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் அம்மாவின் போன் வந்தாலே வயிற்றைப் பிசையும்.

கணக்கை நீங்கள் போடாதீர்கள்

இரண்டு முறையும் நான் செய்த தவறு வேறு வேறு மாதிரி தெரிந்தாலும் அடிப்படை ஒன்றே. டாக்டர் சொன்னது இந்திய நேரம் 8:00. நான் எழுத வேண்டியதும் இந்திய நேரம் 8:00தான். மனக்கணக்குப் போட்டு, விடையை மட்டும் எழுதி வைத்தேன். கேள்வி என்ன என்பது காலண்டருக்குத் தெரியவே இல்லை. ஒரு நிகழ்ச்சி எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் நேரத்தை, அந்த ஊர் டைம் ஸோனோடு சேர்த்து அப்படியே எழுதிவிட்டால், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளும். எந்த நாடு எந்த ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது என்ற பட்டியல் அதனிடம் இருக்கிறது.

கூகுள் காலண்டரில் இதைச் செய்வது எளிது. பிரவுசரில் காலண்டரைத் திறந்து, தேவையான தேதியில் கிளிக் செய்திடுங்கள். சிறிய பெட்டி ஒன்று வரும். அதில் மோர் ஆப்ஷன்ஸ் என்பதைக் கிளிக் செய்தால் முழுப் பக்கம் கிடைக்கும். நேரம் கொடுக்கும் இடத்திற்கு அருகே டைம் ஸோன் என்று ஒரு சொல் இருக்கும். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. அதைக் கிளிக் செய்து, பட்டியலில் இந்தியா ஸ்டாண்டர்டு டைம் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்து, பின்னர் சேவ் செய்திடவும். இதில் இந்திய நேரத்துக்குப் பக்கத்தில் கொல்கத்தா என்று இருக்கும். சென்னையைக் காணோமே என்று தேட வேண்டாம். இந்தியா முழுமைக்கும் அது ஒன்றுதான். கிளாசிக் அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு, அப்பாயின்ட்மென்ட் விண்டோவின் மேலே உள்ள ரிப்பனில் டைம் ஸோன்ஸ் என்ற பட்டன் உண்டு. அதை அழுத்தினால் நேரத்துக்குப் பக்கத்தில் ஊர் தேர்ந்தெடுக்கும் கட்டம் வந்துவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்பாதீர்கள். ஐ.எஸ்.டி. என்றால் நமக்கு இந்திய நேரம். இஸ்ரேல்காரருக்கும் அயர்லாந்துக்காரருக்கும் அதே எழுத்துகள் அவரவர் நேரத்தைக் குறிக்கும். சி.எஸ்.டி. என்றால் சிகாகோவாகவும் இருக்கலாம், சீனாவாகவும் இருக்கலாம். அமெரிக்காவிலேயே கோடையில் இ.டி.டி. என்று எழுத வேண்டிய இடத்தில் பழக்க தோஷத்தில் இ.எஸ்.டி. என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ஊர்ப் பெயரைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள்.

இதைவிடவும் எளிதான வழி ஒன்று இருக்கிறது. என் அப்பாவே அதைச் செய்தார். நவம்பர் 30 அப்பாயின்ட்மென்ட்டை நான் எழுதவில்லை. அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்த புது லேப்டாப்பில், அவருடைய காலண்டரில் அவரையே எழுதச் சொன்னேன். அது இந்திய நேரத்தில் இருப்பதால் அவர் "இரவு 8:00" என்று மட்டும் போட்டால் போதும். ஆட் கெஸ்ட்ஸ் என்ற கட்டத்தில் என் இமெயில் முகவரியைக் கொடுத்து சேவ் செய்து, அழைப்பை அனுப்பு என்று சொல்லும் பட்டனை அழுத்தினார். என் காலண்டரில் அது காலை 9:30 என்று வந்து உட்கார்ந்தது. அவரும் கணக்குப் போடவில்லை, நானும் போடவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில், அம்மா சொல்லச் சொல்ல அப்பாவே டைப் செய்திருந்தார்: படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது. இரண்டாவது விஷயம் எனக்கே புதிது. டாக்டர் எக்கோ எடுக்கச் சொல்லி, ஒரு மாத்திரையையும் மாற்றினார்.

கடிகாரத்தைக் கையால் மாற்ற வேண்டாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். நான் தங்கியிருந்த வீட்டில் நண்பனின் அப்பா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் இருந்தார். தம்முடைய லேப்டாப்பில் இந்திய நேரமே காட்டுகிறது என்று, கடிகாரத்தை மட்டும் ஒன்பதரை மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துவிட்டார். டைம் ஸோன் இந்தியாவிலேயே இருந்தது. அதாவது, "இந்தியாவில் இப்போது மணி காலை 8:00" என்று அந்தக் கம்ப்யூட்டரை நம்ப வைத்துவிட்டார். உண்மையில் இந்தியாவில் அப்போது மாலை 5:30. சிறிது நேரத்தில் பிரவுசரில் சில தளங்கள் திறக்க மறுத்தன. கடிகாரம் பின்தங்கியுள்ளது என்று எச்சரிக்கை வந்தது. பாதுகாப்பான தளங்கள் தரும் சான்றிதழுக்குத் தேதியும் நேரமும் உண்டு. கம்ப்யூட்டரின் நேரம் தவறினால் அந்தச் சோதனையும் தவறும். அவர் இன்டர்நெட் கெட்டுவிட்டது என்று நினைத்து மோடத்தைக் கழற்றி மாட்டிக் கொண்டிருந்தார்.

மாற்ற வேண்டியது டைம் ஸோனை மட்டும்தான். விண்டோஸ் 11இல் டாஸ்க் பாரில் உள்ள கடிகாரத்தின் மீது ரைட் கிளிக் செய்தால் தேதி, நேரம் தொடர்பான செட்டிங்ஸ் பக்கத்திற்குச் செல்லலாம். அங்கே டைம் ஸோனைத் தானாக மாற்றிக் கொள்ளும்படி வைக்கலாம். அதற்கு லொகேஷன் வசதி இயங்கிக் கொண்டிருக்க வேண்டும். அல்லது தானியங்கியை நிறுத்திவிட்டுப் பட்டியலில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் பட்டியலில் நம் நேரத்துக்கு எதிரே சென்னை பெயரே முதலில் இருக்கிறது. நியூயார்க் நேரத்துக்கு எதிரே "-05:00" என்றுதான் கோடையிலும் இருக்கும். வித்தியாசம் 4 மணி நேரம் தானே என்று பதற வேண்டாம். கோடை மாற்றத்தை அது தனியாகக் கவனித்துக் கொள்ளும்.

அதே பக்கத்தில் அடிஷனல் க்ளாக்ஸ் என்ற வசதியும் உள்ளது. அதில் இன்னும் இரண்டு ஊர்களின் நேரத்தைச் சேர்த்துக் கொள்ளலாம். பிறகு மவுஸை டாஸ்க் பார் கடிகாரத்தின் மேல் கொண்டு சென்று நிறுத்தினாலே எல்லா ஊர் நேரமும் தெரியும். "இப்போது கூப்பிட்டால் பேரன் தூங்கிக் கொண்டிருப்பானா?" என்ற கேள்விக்கு இதுவே போதும். கூகுள் காலண்டரின் செட்டிங்ஸிலும் இரண்டாவது டைம் ஸோன் காட்டும்படி அமைக்கலாம். இடது ஓரத்தில் இரண்டு ஊர் நேரமும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நிற்கும். அமெரிக்காவில் இருந்தவரை நான் அதை எடுக்கவே இல்லை.

இந்தக் கோடை விளையாட்டு எல்லா நாட்டிலும் இல்லை. சிங்கப்பூர், மலேசியா ஆண்டு முழுவதும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே; துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. இலங்கை 2006 ஏப்ரல் முதல் நம் நேரமேதான். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுகிறார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே நாளில் மாற்றாததால், வழக்கமாக 5 மணி நேரமாக இருக்கும் லண்டன்-நியூயார்க் வித்தியாசம் மார்ச்சில் சில வாரம் 4 ஆகிவிடும். எங்கள் மீட்டிங்குகளில் அந்த வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து காத்திருப்பார். ஆஸ்திரேலியா நமக்குத் தலைகீழ். சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு திருப்பி வைப்பார்கள்.

மாத்திரை நேரம் மட்டும் இதற்கெல்லாம் விலக்கு. காலை 7 மணி மாத்திரையைக் காலண்டரில் இந்திய நேரமாக எழுதினால், அமெரிக்காவில் முதல் நாள் இரவு மணி அடிக்கும். இதற்குப் போனில் உள்ள சாதாரண அலாரமே நல்லது. எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் 7 மணிக்கு அது அடிக்கும். ஆனால் பயணம் செய்யும் நாளில் இரண்டு வேளைக்கு இடையே எத்தனை மணி நேரம் விடலாம் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. இன்சுலின் போடுபவர்கள், இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டை எழுதுவது எப்படி?

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊர் நேரம். இரவு 11:30க்குச் சென்னையில் ஏறி, காலை 6:10க்கு சிங்கப்பூரில் இறங்குவதாக இருந்தால், 6 மணி 40 நிமிடம் தூங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பயணம் 4 மணி 10 நிமிடம்தான். கூகுள் காலண்டரில் மேலே சொன்ன டைம் ஸோன் பெட்டியிலேயே, தொடங்கும் நேரத்திற்கும் முடியும் நேரத்திற்கும் தனித்தனி டைம் ஸோன் கொடுக்க ஒரு டிக் கட்டம் உண்டு. அதை டிக் செய்து இரண்டு ஊரையும் கொடுத்தால், டிக்கெட்டில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதிவிடலாம்.

2025 மார்ச்சில் ஊர் திரும்பும்போது இப்படித்தான் எழுதினேன். நியூயார்க்கில் 21ஆம் தேதி இரவு 9:50. தோஹாவில் 22ஆம் தேதி மாலை 5:20. அங்கிருந்து இரவு 8:10. சென்னையில் 23ஆம் தேதி அதிகாலை 3:00. அப்பாவுக்கும் அழைப்பு அனுப்பி வைத்தேன். அப்போதும் போனில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. நாம் பேச்சில் "சனிக்கிழமை ராத்திரி மூணு மணி" என்போம். பொழுது விடிந்தால்தான் நமக்கு மறுநாள். காலண்டருக்கோ நள்ளிரவு 12 அடித்ததும் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை என்று காட்டுகிறதே, அப்படியானால் ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதுமா என்று அம்மா கேட்டார். அன்று நான் எத்தனை விளக்கியும் புரியவில்லை. கடைசியில் அப்பா அந்த அழைப்பைத் திறந்து, தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: "சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஏர்போர்ட்." மீனம்பாக்கத்தில் நான் டிராலியைத் தள்ளிக் கொண்டு வெளியே வந்தபோது, இருவரும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள்.